ரிப்பீட்டருக்கு நேரில் சொல்ல வேண்டியவை

எங்கள் சங்கத்தின் ரிப்பீட்டர், யாராவது தன் முன்னால் வந்து நேரில் சொல்லாத விஷயத்தைக் காற்றில் அனுப்பாது. சொல்கிறவருக்கு அது உண்மையில் நடந்திருக்கவும் வேண்டும். மற்றபடி நல்ல கருவி.

ரிப்பீட்டர் என்பது பெரிய சங்கதி ஒன்றும் இல்லை. கையில் வைத்துப் பேசும் சின்ன ரேடியோவின் குரல் அதிக தூரம் போகாது. உயரமான இடத்தில் ஒரு பெட்டியை வைத்து, அந்தக் குரலை வாங்கி, அதே நொடியில் பலமாகத் திருப்பி அனுப்பினால் மாவட்டம் முழுக்கக் கேட்கும். எங்கள் பெட்டி குதிரைக்கல் பொத்தை என்ற சிறு குன்றின் உச்சியில் ஒரு சிமெண்ட் அறைக்குள் இருக்கிறது. அமெச்சூர் ரேடியோ சங்கத்தில் உள்ள எல்லோருக்கும் அது பொது. அதனால் பராமரிப்பும் பொது.

மாதத்தின் முதல் ஞாயிறு காலை பொத்தை ஏறுவோம். பேட்டரிகளுக்கு டிஸ்டில்ட் வாட்டர் ஊற்ற வேண்டும். சோலார் தகட்டில் மயில் எச்சத்தைத் துடைக்க வேண்டும். ஆன்டெனாக் கம்பத்தை இழுத்துக் கட்டிய கம்பிகளைப் பிடித்துக் குரங்குகள் ஊஞ்சலாடுவதால் கம்பம் மாதத்துக்கு ஒரு திசையில் சாயும். அதை நிமிர்த்த வேண்டும். கேபிள் மூட்டுகளில் சுற்றிய டேப்பை எறும்பு அரித்திருந்தால் புதிதாகச் சுற்ற வேண்டும். இதெல்லாம் முடிந்து, கையைக் கழுவிக்கொண்டு, சாப்பாட்டை அவிழ்ப்பதற்கு முன்னால் விஷயம் கொடுப்போம்.

பெட்டிக்கு முன்னால் நின்று சாதாரணக் குரலில் சொன்னால் போதும். வாங்கிக்கொண்டால் முகப்பில் சிவப்பு விளக்கு எரிந்து, உள்ளே ரிலே என்ற சுவிட்ச் ‘டக்’ என்று விழும். ஒருமுறை வாங்கிவிட்டால் அதன்பிறகு அந்த விஷயத்தை யார் வேண்டுமானாலும் எங்கிருந்தும் சொல்லலாம். ஊரையும் பேரையும் மாற்றிக்கொண்டால் அதற்கு ஆட்சேபணை இல்லை. வாங்காத விஷயத்தைச் சொன்னால், அந்த நேரம் முழுக்க அரிசி களைகிற சத்தம்தான் வரும்.

சங்கத்தின் செயலாளர் ஞானதுரை. ஒரு வருஷம் மழைக்காலத்துக்கு முன்னால், ஆபத்துக் காலத்தில் தேவைப்படுவதை எல்லாம் கொடுத்து வைத்துவிடலாம் என்று அவர்தான் யோசனை சொன்னார். முதல் ஆளாகப் போய் நின்று, “வீட்டுக்குள் வெள்ளம் வந்துவிட்டது” என்றார். விளக்கு எரியவில்லை. இன்னும் உரக்கச் சொன்னார்.

“என்னண்ணாச்சி, வாங்க மாட்டேங்கு?” என்று என்னைத் திரும்பிப் பார்த்தார்.

“உங்க வீட்டுக்கு எங்க வெள்ளம் வந்துச்சு, செகரட்டரி? நீங்க மூணாவது மாடியிலல்லா இருக்கிய?” என்றாள் ரெஜினாள். அவளும் சங்க உறுப்பினர்தான். பஸ் நிலையத்துக்கு எதிரே ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறாள். கடையின் பின்னறையில்தான் சங்கத்தின் ரேடியோ இருக்கிறது.

அதன்பிறகு, நடந்தவர்களைத் தேடிப் பிடித்து அழைத்துப் போக ஆரம்பித்தோம். பட்டாசுக் கடை எரிந்துபோனவர் தீ விபத்தைக் கொடுத்தார். பாம்பு கடித்துப் பிழைத்த ஒரு டிராக்டர் டிரைவர் அதைக் கொடுத்தார். ஆட்டோவில் பிரசவமான ஒரு பெண், “வலி எடுத்துவிட்டது, வண்டி வேண்டும்” என்று கொடுத்தாள். ஆட்டோவில் பிறந்த பையன் அப்போது பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்தான். ரிப்பீட்டர் அதைப் பெரிதுபடுத்தவில்லை. வெள்ளம், கூரை, உடைந்த கால், கிடைக்காத மருந்து, எல்லாம் மாதத்துக்கு ஒன்றாகச் சேர்ந்தன. ‘மனைவி இறந்துவிட்டாள்’ என்பதை நான் கொடுத்தேன். சங்கத்தில் அது நடந்திருந்தவன் நான் ஒருவன்தான். முதல் தடவையிலேயே வாங்கிக்கொண்டது.

கேள்விகளுக்கு மட்டும் எந்த நிபந்தனையும் கிடையாது. யார் கேட்டாலும் வாங்கிக்கொள்ளும். இதை நாங்கள் தெரிந்துகொண்டது என் மனைவி ஆவுடையம்மாளால். உயிரோடு இருந்தபோது ஒரே ஒரு தடவை எங்களோடு பொத்தைக்கு வந்தாள். தூக்குச்சட்டியில் புளியோதரை கொண்டுவந்திருந்தாள். அறைக்குள் எட்டிப் பார்த்தவள், வீட்டுக்கு வருகிறவர்களைக் கேட்பதுபோலப் பெட்டியைப் பார்த்து, “சாப்பிட்டாச்சா?” என்றாள். டக்.

“மதினி, அது மிஷினு” என்றார் ஞானதுரை.

“இருக்கட்டுமே. எந்நேரமும் ஒத்தையில நிக்குல்லா?”

அன்றைக்குப் புளியோதரையில் இரண்டு கை வாங்கிச் சாப்பிட்டுவிட்டு ஞானதுரை சொன்னார்: “வெந்தயம் ஒரு சிட்டிகை கூடப் போச்சு, மதினி.”

“அப்ப தட்டைக் கீழ வைங்க, கொழுந்தனாரே” என்றாள். அவர் வைக்கவில்லை.

அந்தக் கேள்விக்கான பதிலை யாரும் கொடுக்கவில்லை. அதன் தேவையும் எங்களுக்குத் தெரியவில்லை. ரேடியோக்காரர்களின் வழக்கம் அப்படி. “எப்படி இருக்கேன்?” என்று ஒருவர் கேட்டால் தன் சிக்னல் எப்படி இருக்கிறது என்று கேட்கிறார் என்று அர்த்தம். “ஃபைவ் நைன்” என்றால் தெளிவாகவும் பலமாகவும் கேட்கிறது. முடிக்கும்போது “செவன்டி த்ரீ” என்போம். வாழ்த்துகள் என்று பொருள். நடுவில் ஆன்டெனாவைப் பற்றிப் பேசுவோம். இப்படியே வருஷக்கணக்காகப் பேசிக்கொண்டிருந்தோம். எந்தக் குறையும் இல்லை.

ஒரு கார்த்திகையில் அணைகளைத் திறந்துவிட்டார்கள். ஆற்றுப்பாலம் போய்விட்டது. செல்போன் கோபுரங்கள் நின்றுவிட்டன. ரெஜினாளின் கணவன் கஸ்பார், தங்கை வீட்டுக்குக் கூரை மாற்றிக் கொடுப்பதற்காக ஆற்றுக்கு அந்தப் பக்கம் மணல்காட்டுக்குப் போயிருந்தான். அவனும் சங்கத்து ஆள். எங்கே போனாலும் இடுப்பில் ரேடியோ இருக்கும்.

காலையில் ஜெராக்ஸ் கடைப் பின்னறையில் கூடினோம். முழங்கால் அளவுத் தண்ணீரில் நடந்து வந்திருந்தவர்கள் வேட்டியைப் பிழிந்துகொண்டிருந்தார்கள். ரெஜினாள் கூப்பிட்டுக்கொண்டே இருந்தாள். ஒருவழியாகக் கஸ்பாரின் குரல் வந்தது.

“ரெஜி, தங்கச்சி வீட்டுக்குள்ள கழுத்து வரைக்கும் தண்ணி.” அதன்பிறகு அரிசி களைகிற சத்தம். “புதுக்கூரையும் போயிட்டு.” மறுபடியும் அரிசி களைகிற சத்தம், இந்தத் தடவை நீளமாக. “செவன்டி த்ரீ.”

“கழுத்து வரைக்கும்னா யாரு கழுத்து?” என்று கேட்டாள் ரெஜினாள். “நீங்க எங்க நிக்கிய?”

அரிசி களைகிற சத்தம்.

“உங்களுக்கு என்ன ஆச்சு? திரும்பச் சொல்லுங்க.”

அதே சத்தம். ஒரு படி அரிசியைக் களையும் அளவுக்கு.

ஞானதுரை தொண்டையைச் செருமிக்கொண்டார். “செவன்டி த்ரீ சொல்லுதாருல்லா, தாயி. தெம்பாத்தான் இருக்காரு.”

“அது அவுக பழக்கம். சாகும்போதும் அதைச் சொல்லிட்டுத்தான் சாவாக.”

“அப்படி இல்லம்மா. யோசிச்சுப் பாரு. வெள்ளம் குடுத்திருக்கோம், கூரை குடுத்திருக்கோம், கால் ஒடிஞ்சது, பாம்பு கடிச்சது எல்லாம் குடுத்திருக்கோம். அதுல எதுனாலும் நமக்குக் கேட்டிருக்கும். கேக்கலைன்னா நல்ல விஷயமாத்தானே இருக்கணும்?”

அங்கே இருந்தவர்கள் தலையாட்டினார்கள். ரெஜினாள் ஆட்டவில்லை.

“கரண்டு அடிச்சதைக் குடுத்தோமா?” என்றாள்.

கொடுக்கவில்லை. கரண்டு அடித்தவர்கள் ஒருவரும் பொத்தை ஏற வரவில்லை.

“ஆத்துல போயிட்டிருக்கேன்னு சொன்னா? சாகப்போறேன்னு சொன்னா? அதையெல்லாம் யாரு வந்து குடுத்தாக, செகரட்டரி? சொல்லுங்க.”

ஞானதுரை மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அவள் சொன்னதில் ஒரு தப்பும் இல்லை. நாங்கள் கொடுக்காமல் விட்டது இரண்டு வகைதான். மிகவும் நல்லது ஒன்று, மிகவும் கெட்டது ஒன்று. காற்றில் இரண்டுக்கும் ஒரே சத்தம்.

ரெஜினாள் எழுந்து வெளியே போனாள். பக்கத்துப் பஞ்சர் கடையிலிருந்து காற்றடித்த லாரி டியூப் ஒன்றைத் தோளில் மாட்டிக்கொண்டு வந்தாள். புடவையைத் தூக்கிச் செருகியிருந்தாள்.

“எங்க போற?” என்றார் ஞானதுரை.

“மணல்காட்டுக்கு.”

“ஆத்தைப் பாத்தியா? முழுத் தென்னமரம் போகுது.”

“தென்னமரம் போற பக்கம்தானே மணல்காடு.”

அவள் பிறந்தது கடற்கரையில். நீச்சல் தெரியும். ஆனால் அன்றைக்கு ஆற்றில் நீச்சல் தெரிந்த மாடுகளும் போய்க்கொண்டிருந்தன. ஞானதுரை வாசலை மறித்து நின்றார்.

“உச்சிப்பொழுது வரைக்கும் பொறு, தாயி. நாம குடுக்காம விட்டது ‘நல்லா இருக்கேன்’ங்கறதுதான். அதை இப்பவே மேல போய்க் குடுத்திருவோம். அப்புறம் அவரு என்ன சொல்லுதாருன்னு கேப்போம். கேக்கலைன்னா நானே உன்னைத் தடுக்க மாட்டேன்.”

“உச்சிப்பொழுது வரைக்கும்தான்” என்றாள். டியூபைக் கழற்றாமலேயே நாற்காலியில் உட்கார்ந்தாள்.

அடுத்து, யார் போவது என்ற பேச்சு வந்தது. சொல்கிறவருக்கு நடந்திருக்க வேண்டும். நல்லா இருக்கிற ஒருவர் போக வேண்டும்.

“எனக்குச் சுகரு, முட்டி” என்றார் ஞானதுரை. ஒருவருக்கு வயலில் நெல் மூழ்கியிருந்தது. இன்னொருவருக்கு மகளின் கல்யாணம் தட்டிப்போயிருந்தது. மற்றவர்கள் வீட்டில் தண்ணீர். “அப்ப யாருதான்வே நல்லா இருக்கது?” என்று ஞானதுரை சலித்துக்கொண்டார். பிறகு எல்லோரும் என்னைப் பார்த்தார்கள்.

“குற்றாலிங்கம் அண்ணாச்சி வீடு மேட்டுத்தெருவுல. தண்ணி வரல. பிரஷர் இல்ல, சுகர் இல்ல. கவலைப்படுததுக்கு வீட்டுல ஆளும் இல்ல” என்றார் ஒருவர். சொல்லிவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டார்.

நான் யோசித்துப் பார்த்தேன். அவர் சொன்னதில் தவறு எதுவும் இல்லை. சாவியை வாங்கிக்கொண்டேன்.

“வெறும் வயித்தோட ஏறாதிய, அண்ணாச்சி” என்று ரெஜினாள் தன் காலைச் சாப்பாட்டுப் பொட்டலத்தை என் பையில் வைத்தாள். டியூப் குறுக்கே வந்ததால் கையை நீட்டி வைக்க வேண்டியிருந்தது.

மழை விடவில்லை. பாதையில் பாதி ஓடையாகியிருந்தது. வழக்கத்தைவிட மெதுவாகத்தான் ஏற முடிந்தது. உச்சியில் கம்பம் கிழக்கே சாய்ந்திருந்தது, ஆனால் நின்றுகொண்டிருந்தது. அறையின் முகப்பில் ஒரு குரங்கு நனையாமல் உட்கார்ந்திருந்தது. எனக்கு வழிவிட்டது.

பூட்டைத் திறந்தேன். ஈரத்தலையைத் துடைத்துக்கொண்டு, பெட்டிக்கு முன்னால் நின்று, “நான் நல்லா இருக்கேன்” என்றேன்.

விளக்கு எரியவில்லை.

மூச்சு வாங்கியதால் இருக்கலாம் என்று சற்று நின்றுவிட்டு மறுபடியும் சொன்னேன். எரியவில்லை. “சுகமாக இருக்கிறேன்” என்று எழுதுகிற தமிழில் சொன்னேன். “எனக்கு ஒரு குறையும் இல்லை” என்றேன். அதற்கு விளக்கு பாதி எரிந்து அணைந்தது.

வந்த நேரத்தை வீணாக்க வேண்டாம் என்று பேட்டரிகளைப் பார்த்தேன். இரண்டில் தண்ணீர் குறைந்திருந்தது. ஊற்றினேன். டெர்மினலில் பூத்திருந்த வெள்ளையைச் சுரண்டினேன். ஒரு மூட்டுக்கு டேப் சுற்றினேன். இடையிடையே திரும்பிப் பெட்டியைப் பார்த்து நல்லா இருப்பதாகச் சொன்னேன். எந்தப் பலனும் இல்லை. ‘மனைவி இறந்துவிட்டாள்’ என்று நான் சொன்ன அன்றைக்கு இந்தப் பெட்டி இவ்வளவு யோசிக்கவில்லை.

மேகத்துக்குப் பின்னால் வெளிச்சம் நடுவானத்துக்கு வந்துகொண்டிருந்தது. கையில் இருந்த ரேடியோவில் ஞானதுரையைக் கூப்பிட்டேன்.

“வாங்க மாட்டேங்கு” என்றேன். இது முன்பே கொடுத்த விஷயம். முதல் வருஷத்திலேயே எங்கள் எல்லோருக்கும் நடந்தது.

“அண்ணாச்சி, இவ எந்திரிச்சுட்டா” என்றார் ஞானதுரை. “வாசல்ல நிக்கா.”

பிறகு அறையில் இருந்த சின்ன ஸ்பீக்கரில் ரெஜினாளின் குரல் வந்தது. கிளம்புவதற்கு முன் கடைசியாக ஒருமுறை அவனைக் கூப்பிடுகிறாள் என்று தெரிந்தது. தண்ணீரைப் பற்றியோ கூரையைப் பற்றியோ கேட்கவில்லை. என்ன கேட்பது என்று தெரியாமல், தினமும் கேட்பதைக் கேட்டாள்.

“என்னங்க, சாப்பிட்டியளா?”

ஒரு தடங்கலும் இல்லாமல், தெளிவாக, பலமாகப் போயிற்று. ஃபைவ் நைன். ஆவுடையம்மாள் கொடுத்து இத்தனை வருஷத்தில் அதை யாரும் பயன்படுத்தி நான் கேட்டதில்லை. அதற்குக் கஸ்பார் பதில் சொன்னான். அரிசி களைகிற சத்தம்.

நான் சாப்பிடவில்லை என்பது அப்போதுதான் நினைவுக்கு வந்தது. பேட்டரிப் பெட்டியின் மேல் உட்கார்ந்து பொட்டலத்தைப் பிரித்தேன். மிளகாய்ப்பொடி தடவிய இட்லி. நல்லெண்ணெய் இலையில் ஓடியிருந்தது. ஒன்றைக் குரங்குக்குக் கொடுத்தேன். அதற்குக் காரம் பிடிக்கவில்லை, ஆனாலும் சாப்பிட்டது. கையை வாசலில் நீட்டி மழையில் கழுவினேன். உள்ளே வந்து பெட்டிக்கு முன்னால் நின்றேன்.

“சாப்பிட்டாச்சு” என்றேன்.

டக்.

அந்தப் பெட்டி வேறு எதையோ எதிர்பார்த்துக்கொண்டிருப்பதுபோல இருந்தது. சாப்பிட்டதைச் சொன்ன பிறகு ஆவுடையம்மாள் அடுத்ததாகக் கேட்பதை நான் அறிவேன். அதற்கு நான் சொல்லுகிற பதிலும் அவளுக்குத் தெரியும்.

“நல்லாத்தான் இருக்கேன்” என்றேன்.

டக்.

ரேடியோவைக் கையில் எடுத்து, “கஸ்பார், திரும்பச் சொல்லு” என்றேன்.

“எத்தனை தடவை சொல்ல, அண்ணாச்சி?” என்றான் கஸ்பார். “நாங்க எல்லாரும் பள்ளிக்கூட மாடியில நல்லா இருக்கோம். காலையில வெண்பொங்கல் குடுத்தாக, சாப்பிட்டாச்சு. தங்கச்சியும் நல்லா இருக்கா, அவ ஆடும் நல்லா இருக்கு. விடிஞ்சதுலேருந்து இதைத்தான் சொல்லிட்டிருக்கேன். ரெஜி எங்க? தூங்கிட்டாளா?”

அதற்கு ரெஜினாள் பதில் சொன்னாள். திட்டினாள் என்று நினைக்கிறேன். யாரும் யாரையும் திட்டுவதை நாங்கள் மேலே கொடுத்திருக்கவில்லை. எனவே அரிசி களைகிற சத்தம்தான் வந்தது. ஒரு கல்யாண வீட்டுக்கு ஆகும் அளவுக்கு அரிசி.

அது முடிந்ததும், “ரோஜர்” என்றான் கஸ்பார், புரிந்தது என்ற அர்த்தத்தில். “செவன்டி த்ரீ.”

நான் கம்பத்தை நிமிர்த்திவிட்டு இறங்கினேன். கடையில் ரெஜினாள் மாவட்ட அலுவலகத்துக்கு யாருடைய விண்ணப்பத்தையோ ஜெராக்ஸ் எடுத்துக்கொண்டிருந்தாள். ஜெனரேட்டர் போட்டிருந்தார்கள். டியூபைப் பஞ்சர் கடையில் திருப்பிக் கொடுத்துவிட்டாள். “இட்லி காரமா இருந்துச்சா, அண்ணாச்சி?” என்று மட்டும் கேட்டாள். குரங்குக்குக் காரமாக இருந்தது என்றேன்.

அதன்பிறகு காற்றில் எல்லோரும் நல்லா இருந்தார்கள். ஞானதுரையும் தினமும் காலையில் நல்லா இருப்பதாகச் சொல்ல ஆரம்பித்தார். ஒருமுறை வாங்கிய விஷயத்தை ரிப்பீட்டர் சரிபார்ப்பதில்லை.

வெள்ளத்தில் பாதை அரித்துப்போயிருந்ததால், அடுத்த முதல் ஞாயிறு நாங்கள் சுற்று வழியாகப் போக வேண்டியிருந்தது. கஸ்பார், ரெஜினாள், நான். ஞானதுரையும் முட்டியைப் பிடித்துக்கொண்டு வந்தார். உச்சிக்குப் போய்ச் சேரும்போது உச்சிப்பொழுது தாண்டியிருந்தது. பூட்டு பூட்டியபடியே இருந்தது. திறந்தோம். பேட்டரிகள் இருந்தன. கேபிள்கள் ஒழுங்காகச் சுருட்டி ஆணியில் மாட்டியிருந்தன. ரிப்பீட்டர் இல்லை. அது இருந்த இடத்தில் தூசி படியாத சதுரம் ஒன்று தெரிந்தது.

“மணி என்ன?” என்றார் ஞானதுரை.

“ஒண்ணு தாண்டிட்டு” என்றான் கஸ்பார்.

“அப்ப சாப்பிடப் போயிருக்கும்.”

நாங்கள் சோலார் தகட்டைத் துடைத்தோம். கம்பிகளை முறுக்கினோம். ரெஜினாள் பேட்டரிக்குத் தண்ணீர் ஊற்றினாள். கஸ்பார் கம்பத்தின் மேலே ஏறி ஆன்டெனாவின் போல்ட்டுகளை இறுக்கிக்கொண்டிருந்தபோது அறைக்குள் ரிலே விழும் சத்தம் கேட்டது. போய்ப் பார்த்தோம். ரிப்பீட்டர் தன் இடத்தில் இருந்தது. கேபிள்கள் மாட்டியிருந்தன. விளக்கு எரிந்துகொண்டிருந்தது.

முகப்பின் ஓரத்தில் மஞ்சளாக ஒரு சோற்றுப் பருக்கை ஒட்டியிருந்தது. ஞானதுரை குனிந்து முகர்ந்து பார்த்தார்.

“வெந்தயம் ஒரு சிட்டிகை கூட” என்றார்.

நான் பருக்கையைத் துண்டால் துடைத்தேன். அடுத்த மாதத்திலிருந்து ஒரு மணிக்கு முன்பே ஏறிவிடுவது என்று முடிவு செய்தோம்.